மந்த காலத்தில் சிறு கூரியர் ஏஜென்சி: கணக்கு முதல் வசூல் வரை ஒரு முழு வழிகாட்டி

இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பே, ஆகஸ்ட் 25 முதல், இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல் புக்கிங்கை நிறுத்திவைத்திருந்தது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அங்கே இருந்த வரிவிலக்கு ஆகஸ்ட் 29இல் முடியப்போவதுதான் காரணம். சேவை திரும்ப ஆரம்பித்தது அக்டோபர் 15இல்தான். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆர்டர் தயங்கினால் முதலில் நிற்பது சாம்பிள். ஷேடு கார்டு, லேபிள், பட்டன், துணித் துண்டு என்று பனியன் கம்பெனிகளுக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் பையிங் ஹவுஸ்களுக்கும் இடையே ஓடும் சின்னச் சின்னக் கவர்களை நம்பித்தான் ஊரில் பல கூரியர் ஏஜென்சிகள் இருக்கின்றன. உலகத்தில் எங்கோ எடுக்கிற முடிவு ஒரு கவுன்டருக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

இரண்டு மூன்று டெலிவரி பையன்கள், ஒரு கவுன்டர், பெரிய நிறுவனம் ஒன்றின் ஃபிரான்சைஸ் அல்லது சொந்தப் பெயரில் உள்ளூர் சேவை என்று நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கொங்குப் பகுதியிலிருந்து வரும். ஆனால் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு ஏஜென்சிகளை மூடவைப்பது பெரும்பாலும் பார்சல் குறைவு இல்லை. ஒரு பார்சலுக்கு என்ன செலவாகிறது என்று தெரியாமல் விலை சொல்வதும், வசூலாகாத பாக்கியும்தான் மூடவைக்கின்றன. அதனால் இந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: ஒரு பார்சலுக்கு என்ன செலவு என்று எழுதுங்கள்

மனக்கணக்கு இதற்குப் போதாது. ஒரு நோட்டில் எழுதுங்கள். கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தொகைகளை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டெலிவரி பையனுக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். நின்று நின்று போகும் பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் மட்டும் 3,500 ரூபாய். ஆயில், டயர், பிரேக் ஷூவுக்கு 1,000. போன் ரீசார்ஜ் 300. ஆக 19,800. அப்புறம் கடை வாடகை, கரண்ட், இன்டர்நெட், கவுன்டரில் இருப்பவர் சம்பளம் எல்லாம் சேர்த்து 22,500 என்று வைத்துக்கொண்டு மூன்று பையன்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 7,500. மொத்தம் 27,300 ரூபாய்.

அந்தப் பையன் நாளைக்கு 50 டெலிவரி முடித்தால் மாதம் 1,300. ஒரு பார்சலுக்குச் செலவு 21 ரூபாய். சந்தை மந்தமாகி நாளைக்கு 35 டெலிவரி என்று ஆனால் மாதம் 910. செலவு அப்படியே இருக்கும், ஏனென்றால் அவர் அதே தெருக்களைத்தான் சுற்றியாக வேண்டும். இப்போது ஒரு பார்சலுக்கு 30 ரூபாய். ஃபிரான்சைஸ் கொடுத்த நிறுவனம் உங்களுக்கு டெலிவரிக்கு 24 ரூபாய் தருகிறது என்றால், முன்பு ஒவ்வொன்றிலும் 3 ரூபாய் நின்றது, இப்போது 6 ரூபாய் போகிறது. வேலை 30 சதவீதம் குறைந்தால் லாபமும் 30 சதவீதம் குறையும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். லாபம் முழுதாகக் காணாமல் போய் நஷ்டத்துக்கே வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, உங்கள் சொந்தச் சம்பளம். மேலே நான் அதைச் சேர்க்கவில்லை. நீங்கள் காலை ஏழு மணிக்கு வந்து நிறுவனத்தின் மையக் கிடங்கான ஹப்பிலிருந்து வரும் பையைப் பிரித்து, அன்றைய டெலிவரிப் பட்டியலான ரன்ஷீட் போடுகிறீர்கள் என்றால் அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. இரண்டாவது, மறுமுறை போவது. கதவு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, விலாசம் தவறு என்று திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலும் இன்னொரு தடவை பெட்ரோல் குடிக்கிறது. 50 டெலிவரிக்கு 60 தடவை போக வேண்டியிருந்தால் உங்கள் அசல் வேலை 60. காலையில் பையன் கிளம்பும் முன் கவுன்டரிலிருந்து போன் போட்டு, “இன்னைக்கு வீட்டில் இருப்பீங்களா?” என்று கேட்பதற்கு அரை மணி நேரம் ஆகும். இந்தத் தொழிலில் அதைவிட மலிவாகச் செலவைக் குறைக்க எனக்கு வழி தெரியாது.

புக்கிங் பக்கத்துக்கும் தனியாக இதே மாதிரி ஒரு தாள் போடுங்கள். நிறுவனத்துக்குக் கட்டும் தொகை, கவர், டேப், பிக்-அப் பெட்ரோல், பில் போடும் நேரம் எல்லாம் போக என்ன நிற்கிறது என்று பார்ட்டிவாரியாக, அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக, தெரிய வேண்டும்.

படி 2: யாரை நம்பியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கடந்த ஆறு மாத பில்களை எடுத்து, பார்ட்டிவாரியாகத் தொகையைப் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள். முதல் பெயர் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் என்றால் அந்தக் கம்பெனி தும்மினாலும் உங்கள் கடைக்குத்தான் காய்ச்சல் வரும்.

இது சின்னக் கடைக்கு மட்டுமான ஆபத்து இல்லை. 2012இல் தொடங்கி நாடு முழுக்கப் பரவியிருந்த ஈகாம் எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல், மீஷோ என்ற ஆன்லைன் விற்பனைத் தளமான ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. மீஷோ வால்மோ என்று தனக்கென்று ஒரு டெலிவரி ஏற்பாட்டை வளர்த்துக்கொண்டபோது, ஈகாம் எக்ஸ்பிரஸின் அடித்தளமே ஆடியது. 2025 ஏப்ரலில் அதை சுமார் 1,400 கோடி ரூபாய்க்கு வாங்குவதாகப் போட்டி நிறுவனமான டெல்லிவரி அறிவித்தது. பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கே இந்த நிலை.

பெயர்களைப் பார்ப்பதோடு தொழிலையும் பாருங்கள். பத்துப் பார்ட்டிகள் இருந்தும் பத்துமே ஏற்றுமதி பனியன் கம்பெனிகள் என்றால், நடைமுறையில் உங்களுக்கு ஒரே பார்ட்டிதான். உள்நாட்டு ரெடிமேட், மருந்து மொத்த வியாபாரம், ஆடிட்டர் ஆபீஸ், பரிசோதனைக் கூடம், நகைக்கடைச் சீட்டுப் புத்தகம் என்று வெவ்வேறு காற்றில் ஆடுபவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபிரான்சைஸ் எடுத்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு நிறுவனத்தின் பார்சலைக் கையாளக் கூடாது என்று இருக்கிறதா? எத்தனை நாள் நோட்டீஸில் அவர்கள் டெலிவரி கமிஷனை மாற்றலாம்? தொலைந்த பார்சலுக்கு உங்கள் கணக்கில் பிடிக்கும் டெபிட் நோட்டை எந்த அடிப்படையில் போடுவார்கள்? டெபாசிட் எப்போது திரும்பும்? தாளில் இல்லாத வாக்குறுதியை நல்ல காலத்தில் எல்லோரும் மதிப்பார்கள். கஷ்ட காலத்தில் தாளில் இருப்பது மட்டும்தான் நிற்கும்.

படி 3: கடன் கணக்கை இறுக்குங்கள்

கவுன்டரில் காசு கொடுத்து புக் செய்பவரால் யாரும் கெட்டுப்போனதில்லை. கெடுப்பது மாத பில் பார்ட்டிகள். மாதம் 40,000 ரூபாய்க்கு அனுப்பும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 47,200. இதில் நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டுவது 28,000, அதற்கு வரி 5,040. ஜனவரி பில்லை ஜனவரி 31இல் போடுகிறீர்கள், அவர்கள் 60 நாள் கழித்து மார்ச் கடைசியில் பணம் தருகிறார்கள். அதற்குள் பிப்ரவரியும் மார்ச்சும் போய்விட்டன. மூன்று மாதத்துக்கு நிறுவனத்துக்கு நீங்கள் கட்டியது 99,120 ரூபாய். பில் போட்ட குற்றத்துக்கு ஜிஎஸ்டி வித்தியாசத்தையும் பணம் வரும் முன்பே, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள், கட்டியாக வேண்டும். ஆக ஒரு லட்சத்துக்கு மேல் உங்கள் காசு அவர்களிடம். இதில் உங்களுக்கு நிற்பது மாதம் 12,000, அதுவும் பையன் சம்பளம் கழிக்கும் முன். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் எட்டு மாத உழைப்பு போனது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஓர் உச்ச வரம்பு வைக்க முடியும். வராமல் போனாலும் கடை நின்றுவிடாது என்று நீங்கள் சொல்லக்கூடிய தொகை எதுவோ, அதுதான் வரம்பு. அதைத் தாண்டினால் புக்கிங் கவுன்டரில் காசுக்கு மட்டும். இதைப் பையனிடமோ கவுன்டர் ஆளிடமோ விடாதீர்கள், நீங்களே பேசுங்கள்.

அடுத்தது பில் இடைவெளி. மாத பில்லை 15 நாள் பில்லாக மாற்றுங்கள். கஷ்ட காலத்தில் பார்ட்டிக்கும் 40,000 ஒரே தடவை கொடுப்பதைவிட 20,000 கொடுப்பது சுலபம். பில்லோடு டெலிவரி ஆதாரமான பிஓடி விவரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், “மூணு கவருக்கு பிஓடி வரல, அதனால நிறுத்தி வெச்சிருக்கோம்” என்று அக்கவுன்ட்ஸில் சொல்லும் வழக்கமான காரணம் போய்விடும்.

வசூலுக்குப் போகும் நாளும் முக்கியம். திருப்பூரில் பெரும்பாலான யூனிட்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளியும் சனியும் முதலாளிகள் சம்பளக் காசு புரட்டுவதில் இருப்பார்கள், அப்போது கூரியர் பாக்கியைக் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். செவ்வாய், புதன் போங்கள். கேட்பது குறிப்பாக இருக்கட்டும். “அண்ணா, கொஞ்சம் பேமென்ட் பாருங்க” என்றால் “பார்க்கலாம் தம்பி” என்று பதில் வரும். “அண்ணா, 15ஆம் தேதி பில்லு 18,400 இருக்குதுங்க. புதன்கிழமை வந்து செக் வாங்கிக்கட்டுங்களா?” என்றால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் பாதி கேளுங்கள். தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவரும் பார்ட்டியை நான் நம்புவேன். போனை எடுக்காத பார்ட்டியிடம் அன்றைக்கே கடனை நிறுத்துவேன், அவர் எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் தகுதியை மட்டும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உதயம் இணையதளத்தில் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், ஏஜென்ட் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதலும் 2.5 கோடி வரை முதலீடும் உள்ளவை குறு நிறுவனங்கள். இதைப் படிக்கும் ஏறக்குறைய எல்லோரும் அதற்குள் வருவீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைவிட வேகமாக வேலை செய்வது வருமான வரிப் பக்கத்தில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. 45 நாளைத் தாண்டியும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது என்பதால், மார்ச் நெருங்கும்போது ஆடிட்டர்களே பார்ட்டிகளிடம் “சிறு நிறுவன பாக்கியை முடித்துவிடுங்கள்” என்று சொல்வார்கள். அதற்கு நீங்கள் பதிவு செய்தவர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உதயம் எண்ணை பில்லின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். புகார் கொடுக்க மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்திலும் வழி சொல்வார்கள். புகார் கொடுத்தால் அந்தப் பார்ட்டி திரும்ப வரமாட்டார் என்பதையும் மனதில் வைத்துத்தான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பில் போகும் கம்பெனிகள் தனிநபர் நிறுவனத்துக்கு 1 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது கையில் காசில்லாத காலத்தில் அதிகமாகும்.

படி 4: விலையைக் குறைக்காமல் நிற்பது

பக்கத்துக் கடைக்காரர் கவருக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் கை பரபரக்கும். முதல் படியில் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு பார்சலில் 3 ரூபாய் நிற்கும் இடத்தில் 5 ரூபாய் குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. குறைக்க வேண்டியிருந்தால், அதற்குப் பதிலாக ஏதாவது வாங்குங்கள். முன்பணம் கொடுத்து புக் செய்தால் குறைவு, நாங்கள் வராமல் நீங்களே கவுன்டருக்குக் கொண்டுவந்தால் குறைவு, இப்படி.

வெறும் தபால் கவரில் அஞ்சல் துறையோடு மோதவும் வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. இந்தியா முழுக்க அந்த விலைக்கு உங்களால் முடியாது. நீங்கள் விற்பது வேறு. மாலை ஏழரைக்கு பிக்-அப், வாட்ஸ்அப்பில் உடனே பதில், தவறினால் முகம் தெரிந்த ஒருவரிடம் கேட்க முடிகிற வசதி. ராத்திரி சாம்பிள் முடித்து மறுநாள் காலை சென்னையில் பையர் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும், கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குப் பத்து ரூபாய் பெரிதில்லை.

பணம் ஒழுகும் இடம் எடை. தலையணை, பொம்மை, ஃபோம் மாதிரி கனமில்லாமல் இடம் அடைப்பவற்றைப் பெட்டி அளவு வைத்துத்தான் பில் போட வேண்டும். 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியைப் பெருக்கினால் 36,000. பல நிறுவனங்கள் 5,000ஆல் வகுக்கின்றன, அதன்படி 7.2 கிலோ. தராசில் 3 கிலோதான் காட்டும். நீங்கள் 3 கிலோவுக்கு வாங்கி, நிறுவனம் ஹப்பில் அளந்து 7.2 கிலோவுக்கு உங்களிடம் பிடித்தால் அந்த பில் முழுக்க நஷ்டம். உங்கள் நிறுவனம் எந்த எண்ணால் வகுக்கிறது என்று கேட்டு எழுதி, அளக்கும் டேப்பையும் தராசையும் கவுன்டரிலேயே வையுங்கள். வாடிக்கையாளர் கண் முன்னால் அளந்தால் சண்டை வராது.

படி 5: ரூட்டும் பையன்களும்

இரண்டு வாரத்து ரன்ஷீட்டை ஊர் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் தினமும் போக வேண்டும், எந்தப் பக்கம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் என்று தெரிந்துவிடும். ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தள்ளி இரண்டு பார்சலுக்காகத் தினமும் ஓடுவதை நிறுத்துங்கள். அங்கே ஒரு மளிகைக் கடையையோ ஜெராக்ஸ் கடையையோ பேசி, பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுத்து அங்கே இறக்கிவைக்கலாம். அவசரம் என்றால் தனிக் கட்டணம். ஆனால் நிறுவனத்தின் டெலிவரி நேர விதிக்கு இது பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை வெட்டும் யோசனை எல்லோருக்கும் முதலில் வரும். அதைக் கடைசியில் வையுங்கள் என்பேன். எந்த வீட்டில் மதியம் ஆள் இருக்கும், எந்த கம்பெனியில் செக்யூரிட்டி வாங்கமாட்டார், ஒரே பெயரில் இரண்டு ‘நேரு வீதி’ எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பையன் தலையில் இருக்கிறது. அவர் போனால் புதியவர் அந்த வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். நிலையான சம்பளத்தை அப்படியே வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போகும் ஒவ்வொரு டெலிவரிக்கும் இவ்வளவு என்று சேர்த்துக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நியாயம். வேலை குறைந்த மத்தியான நேரத்தில் அவரையே பிக்-அப்புக்கும் பாக்கி பில் கொடுக்கவும் அனுப்பலாம்.

அவர்கள் ஓட்டுவது லாரிகளுக்கு நடுவில். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுள்ளவர்களுக்குப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. எல்லோருக்கும் நீங்களே கட்டிவிடுங்கள். அதற்கு மேல் தனியார் விபத்து பாலிசி ஒன்றும் எடுக்க முடிந்தால் நல்லது. எவ்வளவு செலவைக் குறைத்தாலும் ஹெல்மெட், பிரேக், டயர் இந்த மூன்றில் கை வைக்க வேண்டாம்.

படி 6: புதுச் சரக்கு எங்கே இருக்கிறது

பெரிய கம்பெனிகள் சுருங்கும்போது வீட்டிலிருந்து விற்பவர்கள் அதிகமாகிறார்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு ஊர் ஊராக அனுப்புவது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. திருப்பூரில் காதர்பேட்டை மொத்தக் கடைகளில் டி-ஷர்ட் வாங்கி ஆன்லைனில் விற்கும் இளைஞர்களும் அப்படித்தான். ஒவ்வொருவரும் நாளைக்கு ஐந்து, பத்து பார்சல்தான். ஆனால் பெரும்பாலும் கையோடு காசு கொடுத்து அனுப்புகிறார்கள். முப்பது பேர் சேர்ந்தால் ஒரு பனியன் கம்பெனி பார்ட்டிக்குச் சமம், பாக்கி இல்லாமல். இவர்களுக்கு வேண்டியது பேக்கிங் கவர், விலாசம் அச்சடித்த ஸ்டிக்கர், டிராக்கிங் எண்ணைச் சாயங்காலமே அனுப்பிவைப்பது. அதைச் செய்யுங்கள்.

ஊருக்கென்று பெயர் பெற்ற தின்பண்டம் இருந்தால் அதுவும் சரக்குதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு மூன்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முறுக்கும் கடலைமிட்டாயும் நான்கு நாள் தாங்கும், உடையாத டப்பா வேண்டும் அவ்வளவுதான். பால்கோவாவை மறுநாளே சேரும் ஊர்களுக்கு மட்டும் எடுங்கள்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் ஆடியிலேயே கிளம்பும், தை முகூர்த்தத்துக்கானவை மார்கழியில். அந்த மாதங்கள் பிறக்கும் முன்பே அச்சகங்களில் போய்ப் பேசி, “நூறு பத்திரிகைக்கு மொத்தமாக இவ்வளவு” என்று ஒரு அட்டை கொடுத்துவையுங்கள். மந்த மாதம் என்று உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வரும் வேலை இது.

பக்கத்து மாவட்டங்களுக்கு அன்றே சேர வேண்டிய சரக்குக்கு பஸ் இருக்கிறது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் 2022 ஆகஸ்டில் பார்சல் ஏற்றும் வசதி வந்தது. ஆம்னி பஸ்கள் எப்போதும் ஏற்றுகின்றன. இரு முனையிலும் எடுத்துக் கொடுக்க நம்பிக்கையான ஆள் இருந்தால் சொந்த வண்டி இல்லாமலேயே ஒரு உள்ளூர் விரைவுச் சேவை நடத்தலாம்.

படி 7: ஒரு பார்சல் கடையைக் கவிழ்க்காமல் பார்ப்பது

புக்கிங் ரசீதான கன்சைன்மென்ட் நோட்டில் அனுப்புநர் கையெழுத்தை வாங்காமல் எதையும் எடுக்காதீர்கள். 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டிஎச்எல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை என்று இழப்பீடு கேட்ட வழக்கு அது. கையெழுத்திட்ட நோட்டில் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று அச்சிட்டிருந்ததால், அதற்கு மேல் கிடையாது என்று தீர்ப்பானது. உங்கள் நோட்டின் பின்பக்கம் அப்படி ஒரு வரம்பு தமிழிலும் இருக்கட்டும், வாடிக்கையாளரிடம் வாயாலும் சொல்லுங்கள். விலை உயர்ந்த பொருளுக்கு இன்சூரன்ஸ் தனி என்று சொல்லி, வேண்டாம் என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

பணம், நகை, மது, தனி லித்தியம் பேட்டரி, பெயர் தெரியாத திரவம் எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு முன் பட்டாசு அனுப்பச் சொல்லி வருவார்கள், அதுவும் அதிகக் காசு தருவதாக. இணையதளங்கள் வழியாகப் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. பட்டாசு வெடிபொருள், கூரியரில் ஏற்றவே கூடாது. காசுக்குத் தவிக்கும் காலத்தில் இந்தச் சபலம் அதிகம், ஒரே ஒரு பெட்டி தீப்பிடித்தால் உயிரும் கடையும் போகும். அனுப்புநரின் அடையாள அட்டை நகல் வாங்குவதும் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அவமரியாதை இல்லை.

சரக்கு மதிப்பு வேறு மாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கைக் கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். பில் இல்லாமல் “சும்மா துணிதான்” என்று வரும் மூட்டையை வாங்கினால் வழியில் நிற்பது உங்கள் சரக்கு.

கேஷ் ஆன் டெலிவரி காசு உங்கள் காசு இல்லை. அன்றன்று சாயங்காலம் பையன் கணக்கை முடித்து தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். சம்பளம் கொடுக்க அதில் கை வைத்த பின் திரும்பி மேலே வருவது மிகக் கடினம். கூரியர் பெயரைச் சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களால் மக்கள் கூரியர் போன் என்றாலே பயப்படுகிறார்கள். எப்போதும் ஒரே கடை எண்ணிலிருந்து அழையுங்கள், கடைப் பெயரைச் சொல்லுங்கள், டெலிவரிக்கான ஓடிபி எண்ணை வாசலில் மட்டும் கேளுங்கள். யாராவது ஏமாந்து வந்து நின்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

படி 8: கையிருப்பும் கடனும்

வாடகை, சம்பளம், பெட்ரோல் மூன்றையும் சேர்த்து மூன்று மாதத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேர்ப்பதுதான் இலக்கு. ஒரே தடவையில் முடியாது. நல்ல மாதங்களில், முக்கியமாகத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில், ஒவ்வொரு வசூலிலிருந்தும் ஒரு பங்கை அன்றே ஒதுக்கினால் சேரும்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் எதற்கு என்று கேளுங்கள். பார்ட்டி பாக்கியை ஈடுகட்ட வாங்கும் கடன் பள்ளத்தை ஆழமாக்கும். தினமும் ஓடும் ரூட்டுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்குவது வேறு, அங்கே மிச்சமாகும் பெட்ரோலே தவணையில் ஒரு பகுதியைக் கட்டும். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை பிணையில்லாமல் கேட்கலாம். வங்கியில் முதலில் பார்ப்பது கணக்கு ஓட்டத்தைத்தான், அதனால் ஜிபே வசூல் எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் விழாமல் கடைக் கணக்கில் விழ வேண்டும். தினவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் போகவே வேண்டாம். அந்த நிலை வந்தால் ஒரு பையனின் ரூட்டை மூடுவது அதைவிட நல்லது.

படி 9: வாரம் ஒரு தாள்

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு எண்களை எழுதுங்கள். இந்த வாரம் முடிந்த டெலிவரி, ஒரு டெலிவரிக்கான செலவு, 30 நாளைத் தாண்டிய பாக்கி, வங்கியில் இருக்கும் சொந்தக் காசு. நான்கு வாரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

எப்போது எதை நிறுத்துவது என்பதையும் இப்போதே, மனம் அமைதியாக இருக்கும்போது எழுதிவையுங்கள். ஒரு ரூட்டில் டெலிவரிச் செலவு கமிஷனைவிட அதிகமாகத் தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால், அதைப் பக்கத்து ரூட்டோடு சேர்த்துவிடுங்கள், அல்லது கமிஷனை உயர்த்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எண்களோடு போகும் கடிதத்துக்கு அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். கிளைக் கவுன்டர் ஒன்று ஆறு மாதமாக வாடகைக்கே சம்பாதிக்கவில்லை என்றால், ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வர நேரம் எடுக்கும். அந்தப் பகுதி வாடிக்கையாளர்களின் எண்களை எடுத்துவைத்துக்கொண்டு, இனி வீட்டுக்கே வந்து பிக்-அப் செய்வோம் என்று கடையை மூடும் முன்பே ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புங்கள்.